44-ஆம் எண் நெடுஞ்சாலை: எண்களையும் சந்திப்புகளையும் பதிவு செய்யும் முறை

ஒரு நெடுஞ்சாலையைப் பதிவு செய்யும் வேலை, வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே, அரசிதழைக் கையில் எடுக்கும்போது தொடங்கிவிடுகிறது. 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தோடு ஓர் அட்டவணை உண்டு. நாட்டின் ஒவ்வொரு தேசிய நெடுஞ்சாலையும் அதில் ஒரே ஒரு நீண்ட வாக்கியமாக இருக்கும்: இன்ன இடத்தில் தொடங்கி, இன்னின்ன ஊர்களை இணைத்து, இன்ன இடத்தில் முடியும் சாலை. அந்த வாக்கியத்தை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் பதிவின் முதுகெலும்பு. சாலையில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் அதில்தான் கோக்கப் போகிறீர்கள்.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை, எண் 44. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிறது. 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஜம்மு, பதான்கோட், ஜலந்தர், லூதியானா, அம்பாலா, டெல்லி, மதுரா, ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், அனந்தப்பூர், பெங்களூரு என்று இறங்கி, ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி வழியாகக் கடல்வரை போகிறது. முழுச் சாலையையும் ஒருவரே பதிவு செய்ய வேண்டும் என்பதில்லை. உங்கள் மாவட்டத்துக்குள் வரும் துண்டு போதும். ஆனால் அந்தத் துண்டுக்கு அந்த எண் எப்படி வந்தது என்பது தெரியாமல் பதிவில் இறங்க வேண்டாம்.

பழைய எண்கள்

2010-இல் மத்திய அரசு தேசிய நெடுஞ்சாலைகள் அனைத்துக்கும் புது எண் கொடுத்தது. இன்றைய 44 அப்போது ஏழு பழைய சாலைகளின் துண்டுகளைச் சேர்த்து உருவானது. ஸ்ரீநகரிலிருந்து ஜலந்தர் வரை பழைய 1ஏ. ஜலந்தரிலிருந்து டெல்லி வரை பழைய 1. டெல்லி முதல் ஆக்ரா வரை 2, அங்கிருந்து குவாலியர் வரை 3, குவாலியர் முதல் ஜான்சி வரை 75, ஜான்சி முதல் மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன் வரை 26. லக்னாதோனுக்குத் தெற்கே கன்னியாகுமரி வரை பழைய 7. வாரணாசியில் தொடங்கி 2,369 கிலோமீட்டர் ஓடிய அந்த 7-ஐத்தான் தென் தமிழ்நாட்டில் இன்னும் பலர் வாய்தவறாமல் சொல்கிறார்கள். கடைப் பலகைகளிலும் கல்யாணப் பத்திரிகை முகவரிகளிலும் ‘என்.எச்.7’ இன்றும் வாழ்கிறது.

இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பழைய எண்கள் மறைந்துபோகவில்லை. வேறு சாலைகளுக்குப் போய்விட்டன. இன்றைய 7 பஞ்சாபின் ஃபாசில்காவிலிருந்து பத்ரிநாத்துக்கு அப்பால் மாணா கிராமம் வரை போகிறது. 2010-க்கு முந்தைய புத்தகத்தில் 44 என்று கண்டால் அது மேகாலயாவிலிருந்து திரிபுராவுக்குப் போகும் சாலை. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்கு வரும் சாலை அன்று 66. இன்று 66 என்றால் பன்வேலிலிருந்து கோவா, மங்களூரு, கேரளக் கரை வழியாகக் கன்னியாகுமரி வரும் மேற்குக் கடற்கரைச் சாலை. ஆகவே உங்கள் பதிவில் ஆண்டு இல்லாமல் எந்த எண்ணையும் எழுதாதீர்கள். ‘தே.நெ. 44 (2010 வரை தே.நெ. 7)’ என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுவது அலுப்பாகத்தான் இருக்கும். இருபது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது ஒன்றுதான் கைப்பிடி.

எண் விதியை வைத்துச் சரிபார்த்தல்

பழைய எண்களில் திசைக்கென்று ஒழுங்கு எதுவும் கிடையாது. புது எண்களில் உண்டு, அதுவும் அழகான ஒழுங்கு. வடக்கு தெற்காக ஓடும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கே சிறிய எண்ணில் தொடங்கி மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காக ஓடும் சாலைக்கு ஒற்றைப்படை எண். வடக்கே சிறியது, தெற்கே பெரியது.

இந்த விதியை 44-ஐப் போல வேறெந்தச் சாலையும் தெளிவாகக் காட்டாது. வடக்கிலிருந்து இறங்கி வாருங்கள். ஸ்ரீநகரில் 1. ஜலந்தரில் அட்டாரியிலிருந்து லே போகும் 3. லூதியானாவில் 5, ராஜ்புராவில் 7, டெல்லியில் 9. ஜான்சியில் போர்பந்தர்–சில்சார் சாலையான 27. நாக்பூரில் 53, ஹைதராபாத்தில் 65, பெங்களூருவில் 75. தமிழ்நாட்டுக்குள் வந்ததும் எண்கள் இன்னும் நெருங்குகின்றன: கிருஷ்ணகிரியில் 77, சேலத்தில் 79, கரூரில் 81, திண்டுக்கல்லில் 83, மதுரையில் 85. ஒன்றுகூட முன்பின் மாறவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இந்திய வரைபடம் சொல்லித்தர இதைவிட நல்ல பாடம் இருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

குறுக்கே போனாலும் அப்படியே. தொண்டியிலிருந்து 85-ஐப் பிடித்து மேற்கே வாருங்கள். கடற்கரையில் 32, சிவகங்கையில் 36, மதுரையில் 38-ம் 44-ம், தேனி, போடி, மூணாறு தாண்டிக் கொச்சியில் இறங்கினால் 66. மேற்கே போகப் போக எண் கூடியிருக்கிறது.

இதை வெறும் வேடிக்கையாகச் சொல்லவில்லை. களத்தில் இது உங்கள் முதல் சோதனை. குறித்துக்கொண்டு வந்த எண்களை வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்துங்கள். இரண்டு இலக்க ஒற்றைப்படை எண் ஒன்று வரிசை கலைத்து நின்றால், குறிப்பில் எழுத்துப்பிழை இருக்கலாம், அல்லது நீங்கள் பார்த்த பலகை 2010-க்கு முந்தையதாக இருக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சாலையின் முழுப் போக்கைப் பார்த்துத்தான் இரட்டை, ஒற்றை என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு நேர் கிழக்கே ஓடும் சாலைக்கு 48 என்ற இரட்டைப்படை எண் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சாலை டெல்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூரு என்று நாட்டின் பாதியைச் சுற்றிக்கொண்டு சென்னைக்கு வருகிறது.

கிளைச் சாலைகள்

மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைச் சொல்லும். சேலத்திலிருந்து கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சி போகும் 544, திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744, ஓசூர்ப் பக்கத்திலிருந்து தர்மபுரிக்கு வரும் 844, காவல்கிணறிலிருந்து நாகர்கோவில் போகும் 944, நான்கும் 44-இன் கிளைகள். முதல் இலக்கத்தை வைத்து வடக்கு தெற்கு வரிசையை ஊகிக்காதீர்கள்; 844 ஓசூரில் இருக்கிறது, 544 அதற்குத் தெற்கே சேலத்தில் இருக்கிறது. கிளைக்கும் கிளை வந்தால் எழுத்து சேரும். தொப்பூரில் பிரிந்து மேட்டூர், பவானி வழியாக ஈரோடு போவது 544எச். சேலத்திலிருந்து அரூர், திருப்பத்தூர் வழியாக வாணியம்பாடி போவது 179ஏ. அது 79-இன் வழி வந்தது.

44-ஐத் தொடும் கிளையெல்லாம் 44-இன் கிளை என்று எழுதிவிடக் கூடாது. திருநெல்வேலி–தூத்துக்குடி சாலை நல்ல உதாரணம். பழைய முறையில் அது 7ஏ, அதாவது நெல்லையில் 7-ஐ விட்டுப் பிரியும் கிளை. புது முறையில் அது 138. தூத்துக்குடியில் முடியும் 38-ஐ இப்போது தாய்ச் சாலையாகக் கொண்டிருக்கிறது. சாலை இருந்த இடத்திலேயே இருக்க, உறவு மட்டும் நெல்லையிலிருந்து தூத்துக்குடிக்கு மாறிவிட்டது. காவல்கிணறு–நாகர்கோவில் சாலையும் இப்படித்தான், எதிர்த்திசையில். முன்பு அது 47பி, நாகர்கோவில் பக்கத்து 47-இன் கிளை. இன்று 944, இந்தப் பக்கத்து 44-இன் கிளை. அந்தப் பழைய 47 என்ற சாலையே இரண்டாக உடைந்துவிட்டது. சேலத்தில் 7-ஐ விட்டுப் பிரிந்து கொச்சி, திருவனந்தபுரம் எல்லாம் சுற்றிக் கன்னியாகுமரியில் மறுபடி 7-உடன் சேர்ந்த பெருஞ்சாலை அது. அதன் வடபாதி இன்று 544 என்ற கிளை. தென்பாதி 66-க்குள் போய்விட்டது. பதிவில் ‘எண் உறவு’ என்று தனியாக ஒரு பத்தி வைத்துக்கொண்டால் இவை குழம்பாது.

சந்திப்பை எப்படி எழுதுவது

பெரும்பாலான குறிப்புகள் சறுக்குவது இங்கேதான். ‘கிருஷ்ணகிரியில் 44, 48 சந்திக்கின்றன’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையில் பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரி வரை 44-ம் 48-ம் ஒரே தார்ச்சாலையில் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே கிருஷ்ணகிரி அவை பிரியும் இடம். பெங்களூரு அவை சேரும் இடம். இடைப்பட்ட அத்திப்பள்ளி, ஓசூர், சூளகிரி எல்லாம் இரண்டு எண்ணும் சேர்ந்து ஓடும் பகுதி. அப்படிப்பட்ட பகுதிக்குத் தொடக்கம், முடிவு இரண்டையும் தனித்தனிப் பதிவாக எழுதுங்கள். மாவட்டத்தின் மொத்த நெடுஞ்சாலை நீளத்தைக் கூட்டும்போது அந்தத் தூரத்தை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிலும் சேர்த்துக் கூட்டினால் இல்லாத சாலை காகிதத்தில் முளைக்கும்.

கிருஷ்ணகிரி, என் மதிப்பில், தமிழ்நாட்டில் எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளச் சிறந்த ஊர். ஓசூரிலிருந்து சேலம் நோக்கி 44 போகிறது. வேலூர், சென்னைப் பக்கம் 48 பிரிகிறது. கிருஷ்ணகிரி–ராணிப்பேட்டை இடையே அதன் பழைய எண் 46. ஊத்தங்கரை, திருவண்ணாமலைப் பக்கம் 77; பழைய எண் 66. குப்பம், மதனப்பள்ளிப் பக்கம் 42. பழைய எண் 219. ஒரே ஊரில் நான்கு புது எண், நான்கு பழைய எண். 2008-இல் அச்சான வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சாலைகள் அப்படியே இருக்கும், ஓர் எண்கூடப் பொருந்தாது. சாலைகளின் முழுப் போக்கை வைத்துப் பார்த்தால், 42-க்கும் 48-க்கும் நடுவே 44 என்று கிழக்கு மேற்கு வரிசையும் இங்கே தெரியும். சென்னைச் சாலையின் வரலாற்றில் இன்னொரு முடிச்சும் உண்டு. பழைய 4 என்பது பெங்களூருவிலிருந்து கோலார், முள்பாகல், சித்தூர் வழியாகச் சென்னை வந்தது. அதன் வாரிசான 48 கோலார் பக்கம் போகாமல் ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக வருகிறது. ஆகவே ‘பழைய 4 = இன்றைய 48’ என்று ஒரே வரியில் எழுதினால் பெங்களூரு–ராணிப்பேட்டை இடையே அது தவறு. பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் சமன் போடுவதென்றால் துண்டு துண்டாகத்தான் போட வேண்டும்.

மதுரையின் சிக்கல் வேறு வகை. 44 நகரத்துக்குள் வருவதில்லை. சமயநல்லூரில் விலகி, நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கமாக மேற்கே சுற்றி, கப்பலூரில் வெளிப்படுகிறது. திருச்சியிலிருந்து மேலூர் வழியாக வரும் 38 கிழக்குப் பக்கமாக வந்து அருப்புக்கோட்டை, தூத்துக்குடிக்குத் திரும்புகிறது. அட்டவணையில் இரண்டுக்கும் ‘மதுரை’ என்றுதான் இருக்கும். நிலத்தில் ஒன்று நகரின் மேற்கே, மற்றது கிழக்கே. இப்படி ஊர்ப் பெயரால் மட்டும் சந்திக்கும் சாலைகளுக்கு, இரண்டையும் இணைப்பது எந்தச் சாலை, எத்தனை தூரம், யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

புறவழிச்சாலை வந்த ஊர்கள் எல்லாவற்றிலும் இதன் சிறு வடிவம் உண்டு. நான்குவழிச் சாலை ஊருக்கு வெளியே போன பிறகு, ஊருக்குள் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய சந்திப்பு தேசிய நெடுஞ்சாலையின் சந்திப்பாக இல்லாமல் போயிருக்கும். அதை அழித்துவிடாதீர்கள். ‘பழைய சந்திப்பு’, ‘இன்றைய சந்திப்பு’ என்று இரண்டு பதிவாக வையுங்கள். இடம் குறிக்கும்போது, கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வரை எழுதினால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம் கிடைக்கும். அதற்குமேல் எழுதுவதில் பயனில்லை.

உள்ளூர்ப் பெயரைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேலத்தில் பேருந்து நடத்துநர் சேலம் சந்திப்பு என்று கூவுவதில்லை. கொண்டலாம்பட்டி என்பார், சீலநாயக்கன்பட்டி என்பார். வடமாவட்டங்களில் ‘கூட்ரோடு’ என்று முடியும் பெயர்கள், கொங்குப் பக்கம் ‘பிரிவு’, மதுரைக்குத் தெற்கே ‘விலக்கு’. விபத்து நேரத்தில் ஆம்புலன்ஸுக்கு வழி சொல்கிறவர் இந்தப் பெயரைத்தான் சொல்வார். பலகையில் எழுதியிருப்பது ஒன்று, பக்கத்து டீக்கடையில் சொல்வது இன்னொன்று என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

கற்களும் பலகைகளும்

மஞ்சள் தலை போட்ட கிலோமீட்டர் கல் தேசிய நெடுஞ்சாலை. பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும் கல் பெரிதாக இருக்கும், கூடுதல் ஊர்ப் பெயர்களைத் தாங்கியிருக்கும். இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாக 2, 4, 6, 8 என்று எழுதிய குட்டிக் கற்கள் நிற்கும். புல் மூடியிருந்தால் குனிந்து விலக்கிப் பார்க்க வேண்டும். சந்திப்பின் இடத்தைக் ‘கல் இத்தனை, குட்டிக் கல் 6-க்கு அடுத்து ஐம்பது அடி’ என்று எழுதினால், கைப்பேசி இல்லாத சாலைப் பணியாளரும் நேராக வந்து நிற்பார்.

கல்லில் உள்ள எண்ணை ஸ்ரீநகரிலிருந்து வந்த தூரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய சாலைக் கணக்கில் நட்ட கற்கள் ஓரிடம், நான்குவழித் திட்டத்துக்காகப் புதிதாகத் தொடங்கிய கணக்கு ஓரிடம். பொறியாளர்கள் ‘செயினேஜ்’ என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். எந்தத் துண்டுக்கு எந்தக் கணக்கு என்பதை அறியச் சுங்கச்சாவடி உதவும். 2008-ஆம் ஆண்டின் கட்டண விதிகளின் கீழ் வசூல் நடக்கும் சாவடிகளில் கட்டணப் பலகை இருக்கும். எந்தக் கிலோமீட்டரிலிருந்து எந்தக் கிலோமீட்டர் வரைக்குமான வசூல் என்ற விவரத்தை அதில் தேடுங்கள். ஓமலூர், வேலஞ்செட்டியூர், கொடைரோடு, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டே போனால் திட்டத் துண்டுகளின் எல்லை கிடைத்துவிடும்.

ஏ.எச்.43 என்று பலகை கண்டால் குழம்ப வேண்டாம். அது ஆசிய நெடுஞ்சாலை எண். ஆக்ராவிலிருந்து மதுரை வரை 44-உடன் வந்து, மதுரையில் தனுஷ்கோடிக்குத் திரும்பி, கடலுக்கு அப்பால் தலைமன்னாரிலிருந்து மாத்தறை வரை தொடர்கிறது. வடக்கு–தெற்குப் பெருவழி, தங்க நாற்கரம் என்பவை திட்டப் பெயர்கள். இவற்றையெல்லாம் குறிப்புப் பத்தியில் வையுங்கள், எண் பத்தியில் கலக்காதீர்கள்.

ஒரு மாதிரிப் பதிவு

சந்திப்பு: திருமங்கலம், மதுரை மாவட்டம்.
முதன்மைச் சாலை: தே.நெ. 44 (2010 வரை 7).
சேரும் சாலை: தே.நெ. 744 (2010 வரை 208).
எண் உறவு: 44-இன் கிளை.
போகும் வழி: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புனலூர்.
மறுமுனை: கொல்லம், தே.நெ. 66.
சந்திப்பின் அமைப்பு: மேம்பாலமா, தரைமட்டமா, சர்வீஸ் ரோடு எந்தப் பக்கம்.
உள்ளூர்ப் பெயர், கிலோமீட்டர் கல், அட்சரேகை, தீர்க்கரேகை.
சான்று: அரசிதழ் / பலகை / கல் / கேட்டறிந்தது.
பார்த்த நாள்.

கடைசி இரண்டு வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘அரசிதழில் உள்ளது, பலகையில் இல்லை’ என்பதும் ஒரு முழுமையான பதிவுதான். ‘பலகையில் உள்ளது, அரசிதழில் இல்லை’ என்பது அதைவிட மதிப்புள்ளது. யாரோ ஒருவர் திருத்த வேண்டியதை நீங்கள் காட்டிக்கொடுக்கிறீர்கள். நான்கு சான்றும் ஒத்துப்போகாத இடத்தில் எது சரி என்று நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். நான்கையும் எழுதிவையுங்கள்.

சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்துவதில் மிகுந்த கவனம் தேவை. நான்குவழிச் சாலையின் ஓரத்தில் நின்று கல்லைப் படம் எடுப்பது ஆபத்தான காரியம். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் எந்தக் காரணத்துக்காகவும் நிற்காதீர்கள். சர்வீஸ் ரோட்டில் அல்லது லாரிகள் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி, இருவராகப் போய், ஒருவர் வரும் வண்டிகளைப் பார்த்துக்கொள்ள மற்றவர் குறிப்பெடுக்க வேண்டும். நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐக் கைப்பேசியில் சேமித்துவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்துச் சந்திப்பிலிருந்து தொடங்குங்கள். எண் மாறுவதற்கு முன் ஓடிய லாரி ஓட்டுநர்கள், ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர்கள், கல் நட்ட பணியாளர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தச் சந்திப்பு எந்த ஆண்டு இடம் மாறியது, பழைய கல் எங்கே பிடுங்கிப் போடப்பட்டது என்பது அரசிதழில் இருக்காது, அவர்களுக்குத் தெரியும். இந்த மாதமே போய்க் கேட்டு, தேதி போட்டு எழுதிவையுங்கள்.